பழைய பொம்மை காருக்குப் புது பெயிண்ட் எதற்கு?

சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி டேங்கர் லாரி. கைக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் 'பூல்' என்று ஒரே ஒரு சொல். பார்க்க ஒரு விசேஷமும் இல்லை. அதே லாரி சிவப்பிலும் பச்சையிலும் பளபளவென்று பக்கத்தில் நின்றால் பத்தில் ஒன்பது பேர் சாம்பலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் போர்க்கால மாடல் கார் சேகரிப்பு என்றால் என்ன என்று ஒருவருக்கு ஒரே ஒரு வண்டியை வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்றால், எடுக்க வேண்டியது அந்தச் சாம்பல் லாரியைத்தான்.

காரணம் இருக்கிறது. 1939 செப்டம்பரில் பிரிட்டன் போரில் இறங்கியதும் அங்கிருந்த பெட்ரோல் கம்பெனிகள் தங்கள் பெயர்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒரே தரத்தில் ஒரே பொதுப்பெயரில் பெட்ரோல் விற்க வேண்டியதாயிற்று. அந்தப் பொதுப்பெயர்தான் 'பூல்'. போர் முடிந்த பிறகும் அது போகவில்லை. 1953 வரைக்கும் இருந்தது. லிவர்பூலில் டிங்கி டாய்ஸ் செய்துகொண்டிருந்த மெக்கானோ கம்பெனி அதுவரை தன் குட்டி டேங்கரை ஷெல், கேஸ்ட்ரால், டெக்ஸகோ என்று விதவிதமான பெயர்களில், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் விற்றுக்கொண்டிருந்தது. நிஜ டேங்கர்களின் பெயர் போனதும் பொம்மை டேங்கரின் பெயரும் போனது. நிறமும் போனது. சாம்பல் பூசி, 'பூல்' என்று எழுதி, கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த லாரியை இன்று ஒருவர் ஏலத்தில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது. 'ஐயோ பாவம்' என்று அதைப் பெயிண்ட் கரைக்கும் ரசாயனத்தில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, புதுசாகச் சிவப்பு அடித்து, பக்கவாட்டில் ஷெல் என்று ஒட்டிவிடுகிறார். லாரி பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அது எந்தப் போரைப் பார்த்தது என்பதற்கான ஒரே சாட்சி ரசாயனக் கிண்ணத்தின் அடியில் சாம்பல் சேறாகக் கிடக்கும்.

இந்த வேலை உலகம் முழுக்க நடக்கிறது. பழைய வார்ப்புக் கார்களைப் புதுப்பிப்பது என்பதே தனியாக ஒரு பொழுதுபோக்கு, சிலருக்குத் தொழிலும்கூட. புது டயர், புது ஆக்ஸில், அசல் போலவே அச்சடித்த அட்டைப்பெட்டி எல்லாம் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கிறது. 1960களின் பொம்மைகளுக்கு இதைச் செய்தால் பெரிய பாவம் ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் செய்து தள்ளியவை அவை. ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும். ஆனால் சுமார் 1938 முதல் 1952 வரையில் வந்த பொம்மைகளின் விஷயம் வேறு. அவற்றின் பெயிண்ட், சக்கரம், அடித்தகடு எல்லாமே பத்திரங்கள் மாதிரி. பத்திரத்தை யாராவது வெள்ளையடிப்பார்களா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'போர்க்கால மாடல் கார்' என்றால் இரண்டு பொருள் வரும். ஒன்று, 1940களில் ஓடிய கார்களை இன்றைய தொழிற்சாலைகள் 1:43 அளவில் செய்து விற்கும் மாடல்கள். கண்ணாடி, வைப்பர், கதவுக் கைப்பிடி என்று எல்லாம் நுணுக்கமாக இருக்கும். 1974-ல் கனடாவில் தொடங்கிய புரூக்லின் முதல் இத்தாலியின் பகுதி பகுதியாக வரும் பத்திரிகைகளோடு இணைத்துத் தரும் மாடல்கள் வரை இதற்குப் பெரிய சந்தை உண்டு. இரண்டாவது, 1940களிலேயே செய்யப்பட்ட பொம்மைகள். இவற்றில் நுணுக்கம் கிடையாது. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. உள்ளே இருக்கை கிடையாது. நெருங்கிப் பார்த்தால் கொஞ்சம் சோப்புக்கட்டி மாதிரிகூட இருக்கும். பளபளப்பும் துல்லியமும் வேண்டும் என்பவருக்கு முதல் வகை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, விலையும் குறைவு. அதை வாங்கி அடுக்கி வைக்கலாமே. இரண்டாவது வகையை வாங்கி அதை முதல் வகை மாதிரி ஆக்கப் பார்ப்பதுதான் புரியாத விஷயம்.

(1:43 என்ற விசித்திரமான அளவு எங்கிருந்து வந்தது என்று சிலர் யோசித்திருக்கலாம். மெக்கானோவின் ஃபிராங்க் ஹார்ன்பி பொம்மை ரயில்களும் விற்றுக்கொண்டிருந்தார். அந்த 'ஓ' கேஜ் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி வைக்க 1933 கடைசியில் சில கார்களைச் செய்தார். அடுத்த வருஷமே அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. ரயிலுக்குத் துணையாக வந்தவை ரயிலையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டன.)

டிங்கி பெட்டிக்குள் போர் நுழைந்தது 1939-ல் அல்ல, அதற்கு முன்பே. 1937-லிருந்தே டாங்கிகள், விளக்கு லாரிகள், பீரங்கிகள் என்று வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன. அந்த வரிசையில் ஒரு குட்டி ஆஸ்டின் செவன் கார் உண்டு, எண் 152சி. சாதாரண மக்கள் ஓட்டிய அதே ஆஸ்டின் செவன் ஏற்கனவே டிங்கி வரிசையில் 35டி என்ற எண்ணில் விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு ராணுவப் பச்சை அடித்தால் ராணுவக் கார். அவ்வளவுதான் வித்தியாசம்! ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிற கார் ராணுவ அதிகாரியின் காராக மாறியதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தப் பச்சை பெயிண்ட். அதைச் சுரண்டி எடுத்தால் என்ன மிஞ்சும்?

போர் முற்றியதும் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பிரிட்டனில் 1942 தொடக்கத்தோடு உலோகப் பொம்மைத் தயாரிப்பு நின்றது. அதே வருஷம் அமெரிக்காவிலும் நிறுத்திவிட்டார்கள். லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை போர்ச் சாமான்கள் செய்யப் போய்விட்டது. அதனால் அந்த வருஷங்களுக்கு எந்தச் சேகரிப்பிலும் ஒரு வெற்றிடம் இருக்கும். அது இருக்கத்தான் வேண்டும். சில பேர் அந்த இடைவெளி அசிங்கமாக இருக்கிறது என்று இன்றைய மாடல்களை வாங்கி நடுவில் நிரப்பி வைப்பதுண்டு. வீட்டில் ஒருவர் சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால் அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைத்து போட்டோ எடுப்பது போல இருக்கிறது அது.

இந்த இடைவெளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வண்டிகளைப் பிரித்துச் சொல்ல நிபுணராக இருக்க வேண்டியதில்லை. காரைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். போருக்கு முந்தைய டிங்கி சக்கரத்தின் நடுப்பகுதி வழுவழுப்பாக இருக்கும். போருக்குப் பிந்தையதில் ஒரு வளையம் மேடாகத் தெரியும். ஆக்ஸிலும் முன்பு மெல்லிசு, பின்பு தடிமன். 36 என்ற எண் வரிசைக் கார்களில் இன்னொரு அடையாளம் உண்டு. போருக்கு முன் அவற்றுக்குள் தகரத்தில் வெட்டிய ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரைச் செருக அடித்தகட்டில் துளைகள் இருக்கும். போருக்குப் பின் அதே கார்கள் மறுபடி வந்தபோது ஓட்டுநரும் இல்லை, துளைகளும் இல்லை. செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள் என்பதுதான் எளிய விளக்கம். ஆனாலும் 1946-ல் ஆளில்லாமல் திரும்பி வந்த அந்தக் கார்களைப் பார்க்கும்போது மனசு வேறு எங்கோ போவதைத் தடுக்க முடியாது.

38 வரிசையின் கதை இதைவிட நேரடியானது. ஆறு திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் என்று திட்டம். 1940-ல் மூன்று வந்தன: ஃபிரேசர் நாஷ் பி.எம்.டபிள்யூ, சன்பீம் டால்பட், ஆல்விஸ். மீதி மூன்று வருவதற்குள் போர் கதவைச் சாத்திவிட்டது. லகோண்டாவும் ஜாகுவாரும் 1946-ல்தான் வந்தன. ஐந்தாவதாக வர வேண்டிய டிரையம்ஃப் டாலமைட் வரவே இல்லை. அதன் இடத்தில் ஆம்ஸ்ட்ராங் சிட்லி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு கார்களையும் ஒரே தட்டில் வரிசையாக நிறுத்தினால் நடுவில் ஆறு வருஷப் பள்ளம் ஒன்று இருக்கிறது. ஆறுக்கும் புது பெயிண்ட் அடித்து, ஒரே மாதிரி புது சக்கரம் மாட்டினால் பள்ளம் தூர்ந்துவிடும். ஆறு அழகான பொம்மைகள் மிஞ்சும்.

போருக்குப் பிறகு டிங்கி புதுசாகச் செய்த முதல் வண்டி எது தெரியுமா? ஆடம்பரக் கார் இல்லை. ஒரு அமெரிக்க ராணுவ ஜீப், 1946-ல். பிரான்ஸில் இருந்த டிங்கியின் கிளைத் தொழிற்சாலைக்கு ரப்பரே கிடைக்கவில்லை. அதனால் டயரும் சக்கரமும் சேர்ந்து ஒரே உலோகத் துண்டாக வார்த்து மாட்டி அனுப்பினார்கள். தரையில் ஓட்டினால் கடகடவென்று சத்தம் போடும். இந்த பிரெஞ்சு வண்டிகளை வாங்கி, 'அசலுக்கு நெருக்கமாக' என்று ரப்பர் டயர் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அசலே அந்த உலோகச் சக்கரம்தான் ஐயா!

ஜீப் என்றதும் ஜப்பானுக்குப் போகாமல் இருக்க முடியாது. இந்தத் துறையிலேயே ஆகச் சிறந்த கதை அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் உலோகப் பொம்மைகளுக்கு 1938-லேயே தடை வந்துவிட்டது. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தபோது நாடு சாம்பல் மேடு. கொசுகே மட்சுஸோ என்ற பொம்மைக்காரர் டோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்து பிவா ஏரிக்கரையில் உள்ள ஓட்சு என்ற ஊரில் இருந்தார். கையில் இயந்திரம் இல்லை, தகரம் இல்லை. ஊருக்குள் அமெரிக்கப் படை வந்து இறங்கியிருந்தது. அவர்களுடைய ஜீப்புகள் தெருவில் போய்க்கொண்டிருந்தன. படையினர் தின்று தூக்கி எறிந்த தகர டப்பாக்கள் குவிந்து கிடந்தன. கொசுகே அந்த டப்பாக்களை எடுத்து வெட்டி, தட்டி, நேராக்கி, பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஜீப் செய்தார். நின்றிருந்த ஜீப்பைக் கைத்துண்டால் அளந்துகொண்டார் என்று சொல்வார்கள். 1945 டிசம்பரில் கியோட்டோ கடை ஒன்றில் அது விற்பனைக்கு வந்தது. விலை பத்து யென். சாவி கொடுத்தால் ஓடும் விசை எல்லாம் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். வரிசையில் நின்று வாங்கினார்கள்.

தோற்ற நாட்டுக் குழந்தைக்கு, ஜெயித்த நாட்டு வண்டி, ஜெயித்தவர்கள் சாப்பிட்டுப் போட்ட டப்பாவில். இதில் அவமானம் இருக்கிறதா, பிழைப்பு இருக்கிறதா, அல்லது வெறும் விளையாட்டா? மூன்றும் இருக்கலாம். அந்தக் காலத்து ஜப்பானியத் தகரப் பொம்மைகள் சிலவற்றைப் பிரித்தால் உட்புறத்தில் பழைய டப்பாவின் அச்செழுத்துகள் அப்படியே தெரியும். வெளியே வண்ணம், உள்ளே யாரோ தின்ற உணவின் பெயர். பொம்மை ஏற்றுமதி அன்றைய ஜப்பானுக்கு உயிர்மூச்சு மாதிரி. வெளிநாட்டிலிருந்து உணவு இறக்குமதி செய்யப் பணம் வேண்டும், விற்கப் பொருள் வேண்டும், கையில் இருந்தது இந்த மாதிரிச் சாமான்கள்தான். 1947 முதல் 1952 வரை ஏற்றுமதியானவற்றில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருக்கும். இந்த முத்திரை பெரும்பாலும் அடியில்தான். துரு பிடித்திருக்கிறது என்று அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்ப்பவர் முதலில் அழிப்பது இதைத்தான்.

ஜெர்மனியிலும் அதே கதை, வேறு முத்திரை. நியூரம்பர்க் ஊரின் ஷூகோ கார்கள் மிகப் பிரபலம். போருக்குப் பின் வந்தவற்றில் 'அமெரிக்க மண்டலம், ஜெர்மனி' என்று பொறித்திருக்கும். ஒரு நாட்டை நாலாகப் பிரித்த சமாச்சாரம் ஒரு குழந்தையின் காருக்கு அடியில்! ஷூகோவின் கூட்டாளிகளில் ஒருவரான அடால்ஃப் கான் யூதர். 1939-ல் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. போர் முடிந்ததும் அமெரிக்காவில் இருந்துகொண்டு அதே ஷூகோ பொம்மைகளை அங்கே இறக்குமதி செய்தார்.

இன்னொரு நியூரம்பர்க் கம்பெனி, டிப்கோ. அதன் உரிமையாளர் ஃபிலிப் உல்மான். அவரும் யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்து போனார். அங்கே நார்த்தாம்டனில் ஆர்தர் காட்ஸுடன் சேர்ந்து மெட்டாய் என்ற கம்பெனி தொடங்கினார். இந்த மெட்டாய்தான் பிற்காலத்தில், 1956-ல், ஜன்னல் வைத்த கோர்கி கார்களைக் கொண்டுவந்து டிங்கியைக் கலங்கடித்தது. அவர் விட்டுப்போன டிப்கோ என்ன செய்தது? உள்ளே ஹிட்லர் பொம்மை உட்கார்ந்திருக்கும் மெர்சிடிஸ் தகரக் காரைச் செய்து விற்றது. இன்றைக்கு ஏலங்களில் அந்த 'ஃப்யூரர் கார்' நல்ல விலைக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் கையை உயர்த்தி நிற்கும் அந்தப் பொம்மை மனிதன் உடையாமல் இருக்கிறானா, விளக்கு எரிகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அடியில் இருக்கும் கம்பெனி முத்திரை யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்பவர் குறைவு. அந்தக் காரை வாங்கவே கூடாது என்று சொல்வது சரியாக இருக்காது. வரலாறு என்பது நல்லவர்களின் அலமாரி மட்டும் அல்ல. ஆனால் அதை வைத்திருப்பவர் பக்கத்தில் ஒரு கோர்கி காரையும் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மனிதரின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். பெயிண்ட் அடிக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று இரண்டு பேர், உறவினர்கள் இல்லை, இருவரும் கடற்படையில் இருந்தவர்கள். 1947-ல் ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தில் வார்ப்பு வேலை ஆரம்பித்தார்கள். கம்பெனி பெயர் லெஸ்னி. பிற்பாடு தீப்பெட்டி அளவுக் கார்களால் உலகப்புகழ் பெற்ற மேட்ச்பாக்ஸ் இவர்களுடையதுதான். 1951-ல் இவர்கள் ஒரு ராஜ ரதம் செய்யத் திட்டமிட்டார்கள் (கார் அல்ல, குதிரை வண்டி, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்). உள்ளே ராஜாவும் ராணியும். அந்த நேரம் பார்த்துக் கொரியப் போர். பொம்மைக்குத் துத்தநாகம் கொடுக்கக் கட்டுப்பாடு. ரதம் அப்படியே நின்றது. 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனார். 1953-ல் எலிசபெத் முடிசூடும்போது ரதத்தை விற்றால் காசு கொட்டும். ஆனால் வார்ப்பு அச்சில் ராஜாவும் அல்லவா இருக்கிறார்? முழுசாகப் புது அச்சு வெட்ட நேரமில்லை. ராஜாவை இடுப்போடு வெட்டி எடுத்துவிட்டார்கள். ராணிக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் மட்டும் மிச்சம். அப்படியே வெளியே வந்தது! இதைப் 'பழுது' என்று சொல்லி அரம் வைத்து ராவி எடுக்கிற ஒரு புதுப்பிப்பாளர் எங்காவது இருந்தால் அவருடைய கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

சரி, மறுபக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா.

முதல் வாதம்: 'இது பொம்மை. குழந்தை விளையாடி உடைந்தது. மறுபடி அழகாக்கினால் என்ன தப்பு?' இதில் நியாயம் இருப்பது போலத் தெரியும். ஆனால் விளையாடி உரிந்த பெயிண்டும் அந்தப் பொம்மையின் வாழ்க்கைதான். ரேஷன் காலத்துக் குழந்தைக்கு வருஷத்துக்கு ஒரு கார் கிடைத்திருக்கும். அதன் மூக்கு தேயும்வரை ஓட்டியிருக்கும். பெட்டியோடு கை படாமல் எண்பது வருஷம் தூங்கிய வண்டிக்குத்தான் சந்தையில் மூக்கு தேய்ந்ததைவிடப் பலமடங்கு விலை. சந்தையின் கணக்கு சந்தைக்கு. பணம் குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு இது ஒரு வகையில் அதிர்ஷ்டம்: பேச விஷயம் அதிகம் உள்ள வண்டிகள்தான் மலிவாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. 'ஏற்கனவே யாரோ வீட்டு பெயிண்ட்டை அப்பி வைத்திருக்கிறார்கள், சக்கரம் இல்லை, பாதி உடைந்திருக்கிறது. அதையும் தொடக்கூடாதா?' தொடலாம். அசல் பெயிண்ட் துளிகூட இல்லாத வண்டியைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம், பளபளப்பாகவும் ஆக்கலாம். ஆனால் செய்தவர் உட்புறத்தில் தன் பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் ஊசியால் கீறி வைக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாததால்தான் இன்று பெரிய தலைவலி. அபூர்வ நிறத்துக்கு அதிக விலை என்றதும், சாதாரண நிறத்து வண்டியைச் சுரண்டி அபூர்வ நிறம் அடித்து விற்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். எந்த வண்டி எந்த வருஷம் எந்த நிறத்தில் வந்தது என்பதைச் சேகரிப்பாளர்கள் கண்டுபிடிப்பது பழைய விலைப்பட்டியல்களையும் மிஞ்சியிருக்கும் வண்டிகளையும் ஒப்பிட்டுத்தான். அந்த வண்டிகளிலேயே பொய் ஏறிவிட்டால் அப்புறம் எதை வைத்து எதைச் சரிபார்ப்பது? ஏமாறுவது வாங்கிய ஒருவர் மட்டும் இல்லை.

மூன்றாவதாக ஒரு விஷயம் உண்டு. அது வாதம் இல்லை, வியாதி.

டிங்கி வண்டிகள் துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்த கலவையில் வார்க்கப்பட்டவை. துத்தநாகம் சுத்தமாக இருந்தால் பிரச்சனை இல்லை. அதில் துளியூண்டு ஈயம் கலந்துவிட்டாலும் போதும், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு ஆரம்பித்துவிடும். போருக்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இந்தக் கலப்படம் உண்டு. முதலில் மேல்பரப்பில் மயிரிழை போல விரிசல். பிறகு வீக்கம். லாரி மெல்ல வாழைப்பழம் போல வளையும். கடைசியில் தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும். 'உலோகக் களைப்பு' என்று ஒரு தவறான பெயர் இதற்கு வழங்குகிறது. ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்றும் சிலர் பயப்படுகிறார்கள், தொற்றாது. குணமாக்கவும் முடியாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். ஆகவே சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வைத்திருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய பெட்டியில் வைப்பதே உத்தமம். இப்படிப்பட்ட வண்டியை ரசாயனத்தில் முக்கி, அடுப்பில் வைத்து பெயிண்ட்டைக் காய வைப்பது சாகக் கிடப்பவருக்கு அலங்காரம் செய்து ஊர்வலம் விடுவது போலத்தான். படம் எடுத்து, அளந்து, எடை போட்டுக் குறித்து வைக்கலாம். உதிர்கிற வரைக்கும் இருக்கட்டும்.

இதெல்லாம் எங்கோ இங்கிலாந்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. டிங்கி 1948-ல் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரை வெளியிட்டது, எண் 40ஈ. நிஜ வேன்கார்டைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் ஆலையில் பூட்டி விற்றார்கள். 1950-ல் வந்த 40ஜி, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதே கார்தான் இந்தியாவில் 'ஹிந்துஸ்தான் 14' என்ற பெயரில் ஓடியது, அம்பாசிடருக்கு மூத்த உறவு. அதே வரிசையில் 40சி என்று எண் ஒதுக்கி வைத்த ஜோவெட் ஜாவலின் கடைசிவரை வரவே இல்லை, வராத காரைத் தேடி வருஷக்கணக்காக அலைந்த அப்பாவிகளும் உண்டு என்றால் நம்பலாம் :-)

அப்புறம், 1960களின் கடைசியில் டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் அங்கே கார்கள் வார்க்கப்பட்டன. அடித்தகட்டில் டிங்கி என்று இருந்த இடத்தைச் சுரண்டி நிக்கி ஆக்கிய அடையாளம் சிலவற்றில் தெரியும். பெயிண்ட் கொஞ்சம் கெட்டியாக, வார்ப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு காலத்தில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது தேடுகிறார்கள். லிவர்பூல் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது.

பழைய சாமான் கடையிலோ, யாராவது வீட்டுப் பரணிலோ இப்படி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கவும். சக்கரத்தின் நடுவில் வளையம் இருக்கிறதா, அடித்தகட்டில் துளை இருக்கிறதா, எழுத்து ஏதாவது சுரண்டப்பட்டிருக்கிறதா, உள்பக்கம் வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதா. அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், பிறகு உடனே ஈரம் போகத் துடைத்து நிழலில் காயவைப்பது. பெட்டியில் பெயர் எழுதியிருந்தால் அதை அழிக்க வேண்டாம். பென்சிலால் ஒரு பையன் தன் பெயரையும் வகுப்பையும் எழுதி வைத்திருந்தால் விலை குறையும் என்று விற்பவர் சொல்வார். குறைத்தே வாங்கிக்கொள்ளலாம்.